விரலை எடுத்தால்தான் கேட்கும்

ரேடியோ செட்டின் சிக்னல் முள் கடைசிவரை போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்த மாத்திரத்தில் கரடிக்கு உறுதியாகிவிட்டது, இது டயர் கடைக்காரன் வேலைதான் என்று. ஊருக்கு வெளியே எடைமேடையில் உட்கார்ந்திருப்பவன் பேசினாலே முள் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். முழுக்க ஏறுகிறது என்றால் பேசுகிறவன் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். மைக் பிடித்த எவனுக்கும் தெரிந்த கணக்கு இது. கரடி மடியில் கிடந்த தார்ப்பாயை ஒதுக்கிவிட்டு, கோணூசியை அதன் விளிம்பில் குத்தி நிறுத்தினார்.

"கரடி, கரடி, வெட்டுக்கிளி கூப்பிடுறேன். அண்ணே, கேக்குதா?"

லாரிக்காரர்கள் ரேடியோவில் சொந்தப் பெயர் சொல்வதில்லை. எவன் என்ன சரக்கோடு எந்த வழியில் போகிறான் என்று ஊருக்கெல்லாம் தெரிய வேண்டாமே என்று ஆரம்பித்த பழக்கம். நாளாக நாளாக வைத்துக்கொண்ட பெயர் ஒட்டிக்கொண்டது, பெற்றவர்கள் வைத்த பெயர் உதிர்ந்துபோனது. தொண்டை கரகரத்ததால் இவர் கரடி. டயர் கடைக்காரன் பஞ்சர். நெட்டைக் கால்களை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்ததால் கரடியின் தம்பி வெட்டுக்கிளி. அண்ணனும் தம்பியும் முன்னும் பின்னுமாக இரண்டு லாரி ஓட்டிய காலத்தில், கண் சொக்காமல் இருக்க ஒருவரையொருவர் வைதுகொண்டே போவார்கள். அந்த வசவைக் கேட்பதற்காகவே மற்ற ஓட்டுநர்கள் அவர்கள் சேனலுக்குத் திருப்பிவைத்துக் காத்திருப்பார்கள். இப்போது லாரியும் இல்லை, தம்பியும் ஊரில் இல்லை. முழங்கால் போனபிறகு கரடி வீட்டை ஒட்டிய கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்களின் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறார். தம்பி கழற்றிவைத்துவிட்டுப் போன செட்டு, பழைய லாரி பேட்டரி ஒன்றோடு தையல் மேசையின் மூலையில் கிடக்கிறது. கூரைமேல் மூங்கிலில் கட்டிய ஏரியல் நிற்கிறது. வேலை செய்துகொண்டே ரோட்டில் போகிறவர்களோடு சண்டை போடலாம் என்பதற்காக அதை வைத்திருப்பதாகக் கரடி சொல்லுவார்.

யாரையும் நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. எடை போடுகிறவன் எடை போட்டால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். மருத்துவர் மாத்திரை கொடுத்தால் பாதியை உடைத்து வைத்துவிட்டு, செத்துப்போகவில்லை என்று தெரிந்தபிறகு மீதியை முழுங்குவார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஏமாந்து ஒன்றை நம்பினார். போன வருஷம் இதே பஞ்சர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கடலில் போகிற கப்பலில் இருந்து பேசுவதாகச் சொல்லி, "இங்கே அலை ஆளுயரம் ஐயா, உங்கள் குரல் கண்ணாடி மாதிரி கேட்கிறது ஐயா" என்று அளந்துவிட்டான். கரடி அன்று சாப்பிடக்கூட இல்லை. நேராக லாரி நிற்கிற மைதானத்துக்குப் போய், இந்த ஊரிலேயே முதன்முதலாகக் கடலோடு பேசியவன் நான்தான் என்று ஆரம்பித்தார். ஓட்டுநர்கள் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்து கேட்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அலை கொஞ்சம் உயர்ந்தது. கடைசியில் கூட்டத்தின் பின்னால் இருந்து யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அலை ஆளுயரம் ஐயா" என்றான். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. அதற்குப் பிறகு கரடி வெகுநாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"அண்ணே, கேக்குதான்னு கேட்டேனே. பதில் சொல்லேன்."

கரடி மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினார். "டேய் பஞ்சர், கப்பல் கரை சேந்துருச்சா? மூக்கப் பிடிச்சது போதாதுன்னு இப்ப ஆளையே மாத்திட்டியாக்கும்."

"பஞ்சரா?" அந்தக் குரல் சிரித்தது. "அந்தப் பய இன்னும் அங்கதான் இருக்கானா? அண்ணே, நான்தாண்ணே. இங்க ஒரு குவாரியில டிப்பர் ஓட்டுறேன். வண்டியில செட்டு மாட்டியிருக்கு. தினம் சாப்பாட்டு நேரத்துல உன்னக் கூப்பிட்டுப் பாப்பேன், ஒண்ணும் வராது. இன்னிக்குத் திருப்புறேன், யாரோ யாரையோ போட்டு நாறடிக்கிறாங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது உன் திருவாய்தான்னு."

நன்றாகத்தான் செய்கிறான் என்று கரடிக்குத் தோன்றியது. சிரிப்புகூட அதே சிரிப்பு, முடிகிற இடத்தில் ஒரு சின்ன விக்கல். பஞ்சருக்கு அது கஷ்டமே இல்லை. அவனும் தம்பியும் ஒன்றாகத் திரிந்தவர்கள். ஆளை மட்டுமல்ல, மேட்டில் ஏற முடியாமல் திணறுகிற லாரியையே வாயால் ஓட்டிக் காட்டுகிறவன் அவன். குரல் திடீரென்று காதுக்குப் பக்கத்தில் வந்தது, பிறகு சேலைத் தலைப்பால் வாயை மூடியதுபோல் அமுங்கியது, மறுபடி எழுந்து வந்தது. மைக்கை வாய்க்குக் கிட்டேயும் தூரத்திலுமாக ஆட்டுகிறான், தூரத்துக் குரல் என்று காட்டுவதற்கு. முள்ளை மறைக்க மறந்துவிட்டான் மடையன்.

தம்பி ஊரைவிட்டுப் போனது இப்படித்தான். ஒரு தடவை சரக்கு இறக்கும்போது தம்பியின் லாரியில் இரண்டு மூட்டை குறைந்தது. முதலாளி மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். எல்லா ஓட்டுநர்களும் பார்த்துக்கொண்டிருக்க, கரடி தம்பியின் வண்டியில் ஏறி இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். படுக்கையைச் சுருட்டி உதறினார். துணிப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சட்டை, ஒரு சீப்பு, அம்மாவுக்காக வாங்கியிருந்த தைலம். வேறு ஒன்றும் விழவில்லை. தம்பி கீழே நின்று, வேறு யாருடைய வண்டியையோ யாரோ சோதிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்நேரமும் துள்ளுகிறவன் அன்று அப்படி அசையாமல் நின்றதுதான் மற்றவர்களுக்கு நினைவிருக்கிறது. கொஞ்ச நாளில் செட்டைக் கழற்றித் தையல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். கடல் தாண்டிவிட்டான் என்று யாரோ ஒரு ஓட்டுநர் மூலமாகச் சேதி வந்தது. அதோடு சரி.

"அம்மா எப்படிண்ணே இருக்கு? பக்கத்துல இருந்தா கூப்பிடேன். ஒரு வார்த்தை பேசிட்டு விட்டுர்றேன்."

கரடிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போய் இன்னும் ஒரு பருவம் முழுசாகக் கழியவில்லை. தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் தோள் கொடுத்தவர்களில் இந்தப் பஞ்சரும் ஒருவன். மண்ணைத் தள்ளிவிட்டு, கையைத் துடைக்காமல் ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சியவன். அந்த வாயால் அம்மாவைக் கேலிக்கு இழுக்கிறான் என்றால் இவனெல்லாம் என்ன பிறவி?

அவர் பட்டனை அமுக்கினார். கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்கினார்.

"எங்கம்மாவ இதுல இழுக்காத. சொல்லிப்புட்டேன். அம்மாங்கிற வார்த்தைய எடுக்க உனக்கு என்னடா யோக்யத இருக்கு? எங்கம்மாவுக்கு ஒரே புள்ளதான். அது நான்தான். இன்னொருத்தன் இருந்தான்னு அவ வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. நீ வெட்டுக்கிளியா? அப்படின்னா சொல்லுடா பாப்போம், எங்க மொத லாரியில எந்தப் பக்கக் கதவு திறக்காது? சொல்லு. இப்பச் சொல்லு. என்ன, வாயில ஈயத்த ஊத்திட்டாங்களா? தெரியாது. எப்படித் தெரியும்? மூக்கப் பிடிச்சுப் பேசத் தெரிஞ்சவனுக்கு அது எப்படித் தெரியும்? இரு, அங்கயே இரு. நான் வரேன். வந்து உன் மூக்க நானே பிடிச்சு விடுறேன்…"

அந்தச் செட்டில் பட்டனை அமுக்கியிருக்கும்வரை பேசத்தான் முடியும், கேட்க முடியாது. விரலை எடுத்தால்தான் எதிராளியின் குரல் உள்ளே வரும். முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கேள்வியைக் கேட்டுவிட்டு விரலை எடுக்காமல் இன்னும் எவ்வளவு நேரம் வைதார் என்று கரடிக்கே தெரியாது. மூச்சு முட்டி இருமல் வந்தபிறகுதான் கை தளர்ந்தது. கிணற்றின் அடியில் யாரோ முணுமுணுப்பதுபோல் ஏதோ கேட்டது. சொல்லா, மூச்சா என்று தெரிவதற்குள் வெறும் இரைச்சல் வந்து அதை மூடிக்கொண்டது. முள் கீழே விழுந்து கிடந்தது.

"ஓடிட்டான்," என்றார் கரடி, காலிக் கொட்டகையைப் பார்த்து.

ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் கெஞ்சியது. டயர் கடை இரண்டு தெரு தள்ளி, மெயின் ரோட்டு முனையில். போகிற வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது, எங்கே அடிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். கடையில் பஞ்சர் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் டியூப் இருந்தது. தொட்டியில் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டியவன், தலைக்கு மேலே பலகையில் இருந்த தன் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கரடியைக் கண்டதும் ஈரக் கையோடு எழுந்தான். கம்பியை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை.

"வாங்கண்ணே. நானே கடையச் சாத்திட்டு வரலாம்னு நினைச்சேன். கடைசியில என்னண்ணே சொன்னாரு?"

"எவன்டா?"

"வெட்டுக்கிளிதான். வேற யாரு?"

"நடிக்காத. கொன்னுபுடுவேன்."

பஞ்சர் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு அவன் முகத்தில் இருந்து ஏதோ வடிந்து இறங்கியது. "நான்னு நினைச்சா அப்படித் திட்டுனீங்க? ஐயோ அண்ணே. அவரையா நான்னு நினைச்சீங்க?"

"முள் கடைசி வரைக்கும் போச்சுடா. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் குரல் அப்படியா வரும்? யாருகிட்ட காது குத்துற?"

"எனக்கும்தாண்ணே போச்சு. இந்தா இந்தப் பெட்டியில. தாவி வர்ற குரல் அப்படித்தான் வரும். பூமியோட ஒட்டி வந்தாத்தான் தூரத்துக்குத் தூரம் செத்துப்போகும். இது வானத்துல போய் முட்டி நேரா நம்ம தலையில வந்து விழுறது. வர்ற அன்னிக்கு எதிர்வீட்டுக்காரன் மாதிரி வரும். வராட்டி வருஷக்கணக்கா வராது. எடைமேடை ஆளு ஒரு தடவை அப்படி ஒரு குரலப் பிடிச்சேன்னு சொன்னப்ப அவனும் இதைத்தான் சொன்னான்."

"அப்ப உன் செட்டுல என்ன கேட்டுச்சு? பதில் சொன்னானா அவன்?"

பஞ்சர் டியூபைத் தொட்டியில் போட்டான். அது பாதி மூழ்கி மிதந்தது.

"நீங்க பட்டன விடவே இல்லையேண்ணே. அவரும் பேசுனாரு, அது தெரியுது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அமுக்குனா குரலா வரும்? சீழ்க்கைதான் வந்துச்சு. நீட்டமா சீழ்க்க. அதுக்கு உள்ள உங்க சத்தம். அவ்வளவுதான் எனக்குக் கேட்டுச்சு. எனக்கு மட்டுமில்ல, இந்த ஊர்ல எவனுக்கும் அதுக்கு மேல கேட்டிருக்காது." அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "நான் நடுவுல வாயே திறக்கல. அண்ணன் தம்பி இத்தன நாள் கழிச்சுப் பேசுறீங்க, நாம எதுக்குன்னு மைக்க எடுத்துக் கீழ வச்சுட்டேன். எடுத்துப் பேசியிருக்கலாம். இப்பத் தோணுது."

கரடி நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கு அவருக்கு அன்று நிறையக் காரணம் தேவைப்பட்டது, எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். இவன்தான் கப்பல் விட்டவன். இவன் கண்ணீர் விட்டாலும் அதில் எண்ணெய் கலந்திருக்கும். அடிக்க வந்தவனிடம் தப்பிக்க எவனும் இப்படித்தான் பேசுவான். ஆனாலும் அடிக்காமலேதான் திரும்பினார். கம்பியை ஊன்றுகோலாக ஊன்றிக்கொண்டு வந்தார்.

வீட்டில் மனைவி அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கணவர் யாரைத் திட்டுகிறார் என்று விசாரிப்பதை அவள் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டவள். கரடியே சொன்னார். பஞ்சர் பயல் தம்பி மாதிரிப் பேசினான், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், இப்போது தம்பியேதான் பேசினான் என்று சாதிக்கிறான், என்ன தைரியம் பார் என்றார். அவள் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பேசுச்சாம் அந்தக் குரல்?"

"குவாரியாம், டிப்பராம். கத. அப்புறம் அம்மா எப்படி இருக்கு, கூப்பிடுன்னான். அதுலதான் எனக்கு வெறி வந்துச்சு."

அவள் கை நின்றது. கையில் இருந்த வெங்காயத்தை முறத்தில் வைத்தாள்.

"அம்மா எப்படி இருக்குன்னா கேட்டுச்சு?"

"ஆமா."

"ஏங்க," என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த ஊர்ல அப்படிக் கேக்குறதுக்கு ஆளு யாருங்க இருக்கா? எல்லாரும்தானே வந்தாங்க. பஞ்சர் தூக்குனான். எடைமேடைக்காரர் வந்தாரு. உங்க ரேடியோக்காரங்க அத்தன பேரும் வாசல்ல நின்னாங்க. அத்த செத்துட்டாங்கன்னு தெரியாத ஆளு ஒருத்தர்தான்."

கரடி நின்றுகொண்டிருந்தார். வெங்காயம் உரித்தது அவள், கண் எரிந்தது இவருக்கு. "பஞ்சர் அப்படியும் கேப்பான், பயங்கரமான ஆளு அவன்," என்று ஆரம்பித்தார். பாதியிலேயே அந்தப் பேச்சு தானாக நின்றுவிட்டது. வாழ்நாள் முழுக்க ஒவ்வொருவன் பேச்சிலும் ஓட்டை தேடியவர் அவர். இந்த ஒரு பேச்சில் மட்டும், ஓட்டை எதிரிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் கொட்டகைக்குப் போனார். அம்மா கடைசி நாட்களில் அந்தக் கொட்டகை வாசலில்தான் கட்டிலைப் போட்டுக்கொண்டு கிடந்தாள். பெட்டியில் எவன் குரல் வந்தாலும் தலையைத் தூக்குவாள். "சின்னவன் பேசுறானா?" என்பாள். அவ்வளவு தூரமெல்லாம் இது எட்டாதும்மா என்று கரடி விளக்குவார். சரி என்று படுத்துக்கொண்டு, அடுத்த குரலுக்கு மறுபடி கேட்பாள். தினமும் கேட்டாள். பேச்சு நின்றபிறகும் பெட்டியைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள். அவரோ, இன்னொருத்தன் இருந்தான் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதுவும் யாரிடம்!

அவன் அதைக் கேட்டானா? அவனும் பட்டனை அமுக்கியிருந்தால் கேட்டிருக்க மாட்டான். ஆனால் அவன் முதலில் காத்துத்தானே இருந்திருப்பான்? அம்மாவைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு விரலை எடுத்துவிட்டு, வீட்டுக்குள் இருந்து அம்மா எழுந்து நடந்து வருகிற நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போது போன முதல் வார்த்தைகள் அவைதான். கதவைப் பற்றிய கேள்விக்குப் பிறகுதான் அவன் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். பதிலைச் சொன்னானா, சொல்லாமல் வேறு ஏதாவது சொன்னானா, அவனும் திட்டினானா, அழுதானா? அந்தச் சொற்கள் அத்தனை தூரம் கடலைத் தாண்டி, வானத்தை முட்டி, இந்த மூங்கில்வரை வந்து சேர்ந்துவிட்டன. கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் நின்றுபோயின.

அன்று மாலைவரை கூப்பிட்டார். இரைச்சல்தான் பதில்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் கோணூசியைக் குத்தி நிறுத்திவிட்டு மைக்கை எடுப்பது வழக்கமாகிவிட்டது. என்ன சொல்வது என்பதுதான் குழப்பம். எடுத்த எடுப்பில் அம்மா போய்விட்டாள் என்று சொல்வதா? குவாரியில் வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு அதை எப்படிச் சொல்வது? முதலில், நான் திட்டியது உன்னை இல்லை என்று சொன்னால், பிறகு யாரைத் திட்டினாய் என்பான். மனத்துக்குள் ஒழுங்காக இருப்பது, பட்டனை அமுக்கியதும் வரிசை கலைந்து, "டேய், கேக்குதாடா, எங்கடா போய்த் தொலஞ்ச, நீ கேட்டியா இல்லையா, சொல்லேண்டா…" என்று முடிவில்லாமல் போகும். ஒருநாள் மனைவி சோற்றுத் தட்டோடு வந்து பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டு விடுங்க," என்றாள். "விட்டாத்தானே அவரு பேசுவாரு."

"தெரியும் போ."

"இந்த வீட்லயும் நீங்க விட்டதில்ல." குரலை உயர்த்தாமல் சொன்னாள். தட்டை வைத்துவிட்டு, தண்ணீர் எடுத்துவரப் போகிறவளைப் போலப் போய்விட்டாள்.

கரடி அவளைத் திட்டுவதற்காக எழுந்தவர் உட்கார்ந்துகொண்டார். அன்று சோறு ஆறிப்போகும்வரை மைக்கைத் தொடவில்லை. தொட்டபோது, "வெட்டுக்கிளி, கரடி கூப்பிடுறேன்," என்று மட்டும் சொல்லி விரலை எடுத்தார். எடுத்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டிருந்தார்.

விரலை எடுத்தபிறகுதான் அவருக்கு இன்னொன்று தெரிந்தது. அந்த நேரத்துக்குச் சேனலில் ஒரு ஈ காக்கை இல்லை. சாதாரணமாக மத்தியானம் என்றால் சந்தை மாதிரி இருக்கும். எவன் எங்கே மாட்டிக்கொண்டான், எந்தப் பாலம் பழுது, எவன் பெண்டாட்டி எவனைத் துரத்தினாள் என்று ஒருவன் வாயில் ஒருவன் புகுந்து பேசுவார்கள். இப்போது மயான அமைதி. கரடிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"டேய், எதுக்குடா எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கீங்க? என்ன திட்டம் போடுறீங்க?"

பிறகு எடைமேடைக்காரர் பாதி முள்ளில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "திட்டமெல்லாம் இல்லைங்க. இந்நேரத்துக்கு நாங்க பக்கத்துச் சேனலுக்குப் போயிர்றோம். நீங்க கூப்பிடுங்க."

"யாரு சொன்னா போகச் சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க."

"அண்ணே," என்று பஞ்சர் நடுவில் வந்தான், "இப்ப அவர விட்டுட்டு எங்களத் திட்டிக்கிட்டு இருக்கீங்க. அங்க அவரு கூப்பிட்டா எப்படிக் கேக்கும்? வைங்க கீழ." சொல்லிவிட்டு அவனும் போய்விட்டான். கரடி வெறும் இரைச்சலோடு தனியாக விடப்பட்டார். அந்த இரைச்சல் இத்தனை பேர் சேர்ந்து துடைத்து வைத்தது என்று தெரிந்தபோது, யாரைச் சந்தேகப்படுவது என்று அவருக்குப் புரியவில்லை. அவருக்கு அது பழக்கமில்லாத இடம்.

நாட்கள் போயின. பஞ்சர் மரம் ஏறுகிறவனைப்போல் கூரைமேல் ஏறி, மூங்கிலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொடுத்தான். கரடி கீழே நின்றுகொண்டு முடிச்சு சரியில்லை என்று மட்டும் சொன்னார். அவன் இறங்கிப் போனபிறகு ஏணி வைத்துச் சோதிக்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், இரைச்சல் திடீரென்று மெலிந்தது. யாரோ போர்வையை விலக்கியதுபோல் இருந்தது. முள் தூக்கம் கலைந்து நடுங்கி, மேலே ஏறியது. கரடியின் கையில் இருந்த தார்ப்பாய் நழுவிக் காலில் விழுந்தது. ஒரு ஆணின் குரல். தம்பியில்லை. அவருக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை. நாலைந்து சொற்கள், பிறகு அமைதி. மறுபடி அதே நாலைந்து சொற்கள், மறுபடி அமைதி. அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்தத் தாளம் தெரிந்தது. தினமும் இந்த மேசையில் உட்கார்ந்து அவர் போடுகிற அதே தாளம். எவனையோ கூப்பிடுகிறான். எவனோ பதில் சொல்லவில்லை.

கரடி மைக்கை எடுத்தார். என்ன பேசுவது? நீ யார், எந்த ஊர், உன் பேச்சை நான் எதை வைத்து நம்புவது என்று கேட்க ஆயிரம் இருந்தது. பட்டனை அமுக்கினார்.

"கேக்குது," என்றார். விரலை எடுத்தார்.

எதிர்ப்பக்கம் அந்த மனிதன் கூச்சல் போட்டான். சிரித்தான். யாரையோ உள்ளே இருந்து கூப்பிட்டான். ஒரு பெண் குரல் தூரத்தில் ஏதோ கேட்டது, அவன் அவளிடம் வேகவேகமாக விளக்கினான். திரும்பிக் கரடியிடம் வந்து நீளமாக எதையோ சொன்னான். அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கட்டைவிரல் பட்டனுக்கு மேலே நின்றது, இறங்கவில்லை. குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, போய்விடும்போல் அமுங்கி மறுபடி வந்தது. அவன் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து நடப்பது கேட்டது. ஒரு கதவு திறந்தது. அவன் மைக்கை வெளியே நீட்டியிருக்க வேண்டும்.

மழை. தகரத்தின்மேல் பெருமழை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அரிசியைப் புடைப்பதுபோல் அது பெட்டிக்குள் இருந்து கொட்டியது. கரடி கையை நீட்டிச் சத்தத்தை முழுக்கத் திருப்பினார். கொட்டகை நிறைந்து வாசலுக்கு வழிந்தது.

உள்ளே இருந்து மனைவி ஓடிவந்தாள். அவரைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் கொட்டகையைக் கடந்து, கொடியில் கிடந்த துணிகளை அள்ளி அள்ளித் தோளில் போட்டாள். கடைசிப் போர்வையை உருவும்போதுதான் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். வானம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையை மட்டும் மெல்ல வெளியே நீட்டி, உள்ளங்கையை மேலே பார்த்தபடி விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். கரடி மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.